பெத்தானியாவின் தைலமும் பனிமலையின் வயல்களும்



புனித வாரத்தின் திங்கட்கிழமை. பாடுகளுக்குள் நுழையும் முன் திருச்சபை நம்மைப் பெத்தானியாவில் ஒரு விருந்துக்கு அழைத்துப் போகிறது. மார்த்தா பரிமாறுகிறார். இலாசர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். மரியா இலாமிச்சைத் தைலத்தைக் கொண்டுவந்து ஆண்டவரின் காலடிகளில் பூசி, தம் கூந்தலால் துடைக்கிறார். வீடெல்லாம் மணக்கிறது. உடனே ஒரு முணுமுணுப்பு எழுகிறது: இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே! ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் தரையில் கொட்டிப் போயிற்றே என்பது அந்தக் கணக்கு.

கேட்டவர் யூதாசு என்று யோவான் எழுதுகிறார், அவருடைய உள்நோக்கத்தையும் சொல்லிவிடுகிறார். அதனால் அந்தக் கேள்வியை யூதாசின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மத்தேயுவின் நற்செய்தியில் இதைப் போன்ற நிகழ்ச்சியில் சீடர்களே அப்படிக் கேட்கிறார்கள். நல்லவர்களும் கேட்கிற கேள்வி அது. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு இன்னொரு மருத்துவச் செலவு வரும்போது, ஆளில்லாத பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றும் பேச்சு வரும்போது, நம் வீடுகளிலும் அது மெதுவாக எழும்: இனி இதில் போட்டு என்ன ஆகப்போகிறது?

இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு மலைநாட்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஜப்பானின் நீகாதா மாநிலத்தில், எச்சிகோ-சுமாரி என்று அழைக்கப்படும் பகுதி அது. தொக்காமாச்சி நகரமும் சுனான் பேரூரும் சேர்ந்து 760 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 200 சிற்றூர்கள். குளிர்காலத்தில் சில இடங்களில் 3 மீட்டருக்கு மேல் பனி சேரும். கூரைமேல் ஏறிப் பனியை வாரித் தள்ளாவிட்டால் வீடு தாங்காது. அந்த மலைச்சரிவுகளை வெட்டி, வரப்புக் கட்டி, தண்ணீரை வளைத்துக் கொண்டுவந்து, படிப்படியாக நெல்வயல் ஆக்கியவர்கள் அந்த ஊர் மக்கள். நான்கு நாற்றுக்கு மேல் கொள்ளாத மூலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிறகு காலம் மாறிற்று. பிள்ளைகள் தோக்கியோவுக்கு வேலை தேடிப் போனார்கள், போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். தேவைக்கு மேல் அரிசி விளைகிறது, நடவைக் குறையுங்கள் என்று 1970 முதல் அரசே சொன்னது. நெல் விளைவிப்பதே வாழ்வின் பெருமை என்றிருந்தவரிடம் இனி விளைவிக்காதே என்றால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? அந்த நிலத்தின் வழியாக ஓடும் ஷினானோ, ஜப்பானிலேயே நீளமான ஆறு, 367 கிலோமீட்டர். அதன் தண்ணீரைத் திருப்பி எடுக்கும் மின்சாரத்தில் தோக்கியோவின் ரயில்கள் ஓடுகின்றன. சோறு கொடுத்து, பிள்ளைகளைக் கொடுத்து, ஆற்றையும் கொடுத்துவிட்டு, அந்த ஊர்கள் முதியவர்கள் மட்டும் குடியிருக்கும் ஊர்களாகிக்கொண்டிருந்தன. பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அங்கேதான் கிதாகவா ஃப்ராம் என்பவர் ஒரு கலைவிழாவை நடத்தப் புறப்பட்டார். அதே மாநிலத்துக்காரர். உலகின் பல நாடுகளிலிருந்து கலைஞர்களை வரவழைத்து, வயலிலும் காட்டிலும் பூட்டிய வீட்டிலும் அவர்கள் படைப்புகளை நிறுத்துவது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மக்களை அழைத்துக் காட்டுவது என்பது திட்டம். ஊராருக்கு முதலில் பிடிக்கவில்லை. சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், இந்த நேரத்தில் பொதுப்பணத்தைப் படைப்புகளில் கொட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பெத்தானியாவில் கேட்ட அதே கேள்வி. கிதாகவா ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார், ஆண்டுக்கணக்கில் பேசினார். அந்த ஊர் தாத்தா பாட்டிகளின் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றார். 2000-ஆம் ஆண்டில் முதல் விழா நடந்தது.

எல்லாவற்றையும் ஒரே மைதானத்தில் வைத்திருந்தால் வருகிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் வேண்டுமென்றே மலை முழுவதும் பரப்பி வைத்தார். ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வளைந்து வளைந்து ஏற வேண்டும், வழி தெரியாமல் நின்று வயலில் வேலை செய்யும் பாட்டியிடம் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக யாரும் வந்து கதவைத் தட்டாத ஊரில், வழி கேட்க ஒருவர் வந்து நிற்கிறார். அந்தப் பாட்டிக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சகோதரர்களே, சகோதரிகளே, அந்தப் படைப்புகளில் ஒன்றின் முன் சற்று நேரம் நிற்போம். மாட்சுதாய் என்னும் ஊரில் இலியா கபக்கோவ், எமிலியா கபக்கோவ் என்ற கணவன் மனைவி 2000-இல் செய்தது அது. அவர்கள் சோவியத் நாட்டில் பிறந்து, பிறகு அமெரிக்காவில் குடியேறியவர்கள். சிற்றாற்றின் மறுகரையில் படிப்படியாக ஏறும் வயல்கள். அவற்றில் நீலத்திலும் மஞ்சளிலும் மனித உருவங்கள்: உழுகிறவர், விதைக்கிறவர், நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர், அறுத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். இக்கரையில் நாம் நிற்கும் மேடையில், அந்தந்த வேலையைப் பற்றிய வரிகள் காற்றில் தொங்குகின்றன. சரியான இடத்தில் நின்று பார்த்தால், தொங்கும் எழுத்தும் எதிரே நிற்கும் உருவமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வேறு ஒன்றும் இல்லை. நெல் விளையும் கதை மட்டும்தான். அந்தக் கதையை அன்றாடம் வாழ்ந்தவர்களுக்கு அது செய்தியே அல்ல. ஆனால் அதைப் பார்க்கக் கடல் கடந்து ஆள் வருகிறது என்பது செய்தி.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் முதலில் மறுத்துவிட்டார். முன்னோர் காத்துக் கொடுத்த நிலம், அதில் அந்நியர் எதையோ கொண்டுவந்து நடுவதா என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. உடல் ஒத்துழைக்காததால் உழவையே விட்டுவிடலாம் என்றும் எண்ணிக்கொண்டிருந்தார். கலைஞர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, தன் உழைப்பை இவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. இடம் கொடுத்தார். விட்டுவிட நினைத்த வயலில் மேலும் சில ஆண்டுகள் அவரே நெல் நட்டார்.

நம்மோடு ஒரே கூரையின் கீழ் உழைத்து ஓய்ந்தவரிடம், நீங்கள் செய்ததை நான் பார்த்தேன் என்று கடைசியாக எப்போது சொன்னோம்? சொல்ல நமக்கு என்ன தடை? எருசலேம் கோவிலில் நம் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? யார் கண்ணிலும் படாத ஒரு கைம்பெண்ணின் இரண்டு காசு அவர் கண்ணில் பட்டது. நம்மில் யாரேனும், என் உழைப்பை ஒருவரும் கண்டுகொள்ளவில்லையே என்ற வலியோடு இன்று இந்தத் திருப்பலிக்கு வந்திருந்தால், அவர் உங்களுக்கும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் நட்ட ஒவ்வொரு நாற்றையும் அறிவார்.

2004-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அந்த மலைநாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்த ஊர்களில் இன்னும் பல வீடுகள் காலியாயின. 2006-ஆம் ஆண்டு விழா அந்தக் காலி வீடுகள் பக்கம் திரும்பியது. அவற்றில் ஒன்றுக்குச் சட்டை உரிக்கும் வீடு என்று பெயர். கலைக்கல்லூரி மாணவர்கள் உளியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனார்கள். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த தூண், சுவர், தரை, உத்தரம் என்று ஓரிடம் விடாமல் செதுக்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உளி பட்ட இடத்திலெல்லாம் கறுப்புக்கு அடியிலிருந்து மரத்தின் வெளிர்நிறம் எழுந்தது.  அந்த வீட்டில் இருந்ததையே தொட்டுத் தொட்டு வெளியே கொண்டுவந்தார்கள். இன்னொரு ஊரில், நிலநடுக்கத்தில் அடிபட்ட பழைய வீட்டை மண்பாண்டக் கலைஞர்கள் சீராக்கினார்கள். அங்கே ஊர்ப் பெண்களே உணவகம் நடத்தி, தம் நிலத்தில் விளைந்ததைச் சமைத்துப் பரிமாறினார்கள்.

நம் ஆன்மாவைப் பற்றி நாம் வைத்திருக்கும் பயம் என்ன? இத்தனை ஆண்டுப் பாவத்தின் கரி படிந்த இதை இடித்துவிட்டுத்தான் கடவுள் வேறொன்று கட்ட வேண்டும் என்றுதானே? ஒப்புரவு அருளடையாளத்துக்கு வராமல் ஒதுங்கி நிற்கும் பலர் என்னிடம் வெவ்வேறு சொற்களில் இதையே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளே, அவர் இடிக்க வருவதில்லை. நீங்கள் வாழ்ந்த வாழ்வு முழுவதையும், கறுத்த பக்கத்தையும் சேர்த்து, கையால் தொட வருகிறார். அதற்கு எத்தனை ஆண்டானாலும் அவருக்குச் சலிப்பில்லை. இந்தப் புனித வாரத்தில் வாருங்கள்.

ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இத்தனை விழா நடந்தும் அந்த மலைநாட்டில் மக்கள்தொகை குறைவது நிற்கவில்லை. முதல் விழாவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 1,60,000 பேர், 2018-இல் வந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. மூடிய பள்ளி ஒன்றில், அங்கே கடைசியாகப் படித்த மூன்று மாணவர்களை வைத்து, மிதந்து வந்த மரத்துண்டுகளுக்கு வண்ணம் தீட்டி, ஓவியர் தாஷிமா செய்சோ கட்டடம் முழுவதும் ஒரு படக்கதையை நிறுத்தியிருக்கிறார். அழகான வேலை. ஆனால் அந்தப் பள்ளியில் மணி அடித்து வகுப்பு தொடங்குவதில்லை.

அப்படியானால் வீண்தானா? என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இரக்கத்தைப் பலனை வைத்து அளக்கத் தொடங்கினால், பெத்தானியாவில் மரியா தோற்றுப்போகிறார். அவர் ஊற்றிய தைலம் சிலுவையைத் தடுக்கவில்லை. ஆறு நாளில் பாஸ்கா விழா. ஆண்டவரின் அடக்கத்தைத் தவிர வேறெதற்கும் அது உதவவில்லை. ஆனாலும் ஆண்டவர் அவரைத் தடுக்க வேண்டாம் என்றார். சாகப்போகிற ஒருவரின் கால்களுக்கு அத்தனை மதிப்புக் கொடுத்த அந்தக் கையை அவர் ஏற்றுக்கொண்டார். தொலைந்த ஆட்டைத் தேடிப் போகிறவரும் இலாப நட்டக் கணக்குப் பார்த்திருந்தால் தொண்ணூற்றொன்பதோடு வீட்டுக்குப் போயிருப்பார். கிராமத்தைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டிருந்தால், அந்த வயலுக்காரரின் முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சில நல்ல முளைகளும் அங்கே தெரிகின்றன. கைவிடப்பட்ட அடுக்கு வயல்களை வெளியூர்க்காரர்கள் பணம் கட்டித் தத்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நடக்கிறது. 2015-இல் அங்கே ஒரு பெண்கள் கால்பந்து அணி தொடங்கப்பட்டது. அந்த வீராங்கனைகள் ஊரிலேயே குடியிருந்து, பந்தும் ஆடி, முதியவர்களால் இனி இறங்க முடியாத வயல்களில் நாற்றும் நடுகிறார்கள். சேற்றில் கால் வைக்கவும் வரப்பை மிதித்துச் சரிசெய்யவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தப் பெரியவர்கள்தாம். வயது போனவர் மறுபடியும் ஆசிரியர் ஆகிறார்.

அன்பிற்குரியவர்களே, நம் பங்கிலும் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் கோவில் வாசலில் நிற்பார்கள். உங்கள் தெருவில் அப்படி இருப்பவர்களின் பெயரை அவர்களிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு அவர்களைக் கைபிடித்து அழைத்துவர இளையோர் அணியாயிருக்கிறார்கள். பாதம் கழுவும் சடங்கில் இந்த ஆண்டு அவர்களே முன்வரிசையில் உட்காரட்டும். நடக்க இயலாதவர்களின் வீட்டுக்குப் புனித வெள்ளிக்கு முன் நானே நற்கருணை கொண்டுவருகிறேன். போகும் நேரத்தில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ என்னோடு வந்து, அவர்கள் வாழ்நாளில் செய்த வேலை என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். அவசரப்படாமல் கேளுங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரமானாலும் பரவாயில்லை.