பில் எப்போது பேச வேண்டும்?

வட சென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் 2 ரூபாய் வாங்கி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிறகு அது 5 ரூபாயானது. 2020-இல் மறையும்வரை அவர் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’தான். அவரைப் போற்றுவது சரி. ஆனால் அவரையே அளவுகோலாக்கி, 300 ரூபாய் கேட்கிற மருத்துவரைப் பணத்தாசை பிடித்தவர் என்பது நியாயமா? கிளினிக்குக்கு வாடகை உண்டு, நர்சுக்குச் சம்பளம் உண்டு, கரண்ட் பில் உண்டு. ஒருவர் கொடுக்காமல் போன தொகை இன்னொருவர் தலையில்தான் விடியும்.

ஆகவே பணம் கேட்பதில் குற்றமில்லை. எப்போது, எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டும், பாதியில் சொல்லக் கூடாது. “குணமானால் மட்டும் பணம்” என்று ஒப்பந்தம் போடுவதும் நெறி தவறிய செயல் என்கின்றன. “காய்ச்சல் விடவே இல்லையே, எதற்கு ஃபீஸ்?” என்று கேட்பவருக்கும் அதில் பதில் இருக்கிறது. கட்டணம் மருத்துவரின் நேரத்துக்கும் திறமைக்கும் உரியது.

நடப்பதோ வேறு. பணம் பேசக் கூச்சப்பட்டு மருத்துவர் அதை பில்லிங் கவுண்டருக்குத் தள்ளிவிடுகிறார். குடும்பம் மொத்தத் தொகையை டிஸ்சார்ஜ் அன்றுதான் பார்க்கிறது. தகராறு அங்கே தொடங்குகிறது.

முன்கூட்டியே சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தொகையைக் கேட்டதும் “அப்புறம் வருகிறோம்” என்று எழுந்து போகிற ஏழை திரும்பாமலே போகலாம். எனவே தொகையோடு வழியையும் சொல்வது மருத்துவமனையின் கடமை. எந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம், தவணை உண்டா, முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா, அரசு மருத்துவமனையில் அதே சிகிச்சை கிடைக்குமா என்பதெல்லாம் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவசர சிகிச்சையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அட்வான்ஸ் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம். பில் தகராறுக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. வசதியிருந்தும் ஏமாற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களிடம் எழுதி வாங்கலாம், நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம். கடனை வசூலிக்க வழி உண்டு. மனிதரை அடகாக வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

கண்டிப்பாக இருந்தால்தான் மருத்துவமனை நடக்கும் என்பவர்கள் மதுரைக்குப் போய்ப் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணப் பிரிவா இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணம் செலுத்துவோரின் பணம் இலவச அறுவை சிகிச்சையையும் தாங்குகிறது. 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்சைத் தாங்களே மலிவாகத் தயாரித்ததும் அதற்குக் கைகொடுத்தது.

எல்லா கிளினிக்கும் அரவிந்த் ஆகிவிட முடியாது. ஆனால் வாசலில் கட்டணப் பலகை மாட்டுவதற்கும், அட்மிஷனுக்கு முன்பே உத்தேசச் செலவை எழுதிக் கொடுப்பதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. அதைக்கூடச் செய்யாத மருத்துவமனைக்கு, நோயாளிகள் பணம் தருவதில்லை என்று குறைப்பட உரிமை இல்லை.