பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

சின்னப் பிள்ளைகளிடம் போய் சாதியைப் பற்றிப் பேசலாமா, அதுகள் மனசில் விஷத்தை ஏத்தலாமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். முற்போக்கும்தான். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து பை நிறைய வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான். அந்தப் பைக்குள் இருக்கிற சிறுவர் கதைகளில் வரும் பாட்டி யார்? அந்தக் கூடம், ஊஞ்சல், துளசி மாடம், கொல்லைப்புறமாக வந்து வேலை பார்த்துவிட்டுப் போகிற பேரில்லாத ஆள், இதெல்லாம் எந்தச் சாதியின் வீடு? அதை யாரும் சாதிக் கதை என்பதில்லை. வெறும் கதை என்கிறார்கள். நம்ம வீட்டு அடுப்படியை எழுதினால் மட்டும் அது சாதிக் கதை ஆகிவிடுகிறது.

விஷத்தைப் புத்தகம் ஏத்தவில்லை. அரியலூர்ப் பக்கம் சேரியில் பிறந்த பிள்ளைக்கு மூணாங்கிளாஸ் வருவதற்குள் தெரிந்துவிடுகிறது, எந்த வீட்டுக்குள் போகலாம், எந்த வீட்டில் வாசலோடு நிக்கணும், கூட விளையாடுகிறவன் யார் எதிரில் தன்னைக் கண்டுக்காமல் போவான் என்று. தெரிந்ததைச் சொல்ல அதுக்கு வார்த்தைதான் இல்லை. அந்த வார்த்தையைக் கொடுக்கிற புத்தகத்தை ‘இன்னும் வயசு வரல’ என்று தள்ளி வைப்பது யாரைக் காப்பாற்ற?

இது வரைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். இதற்கு மேல்தான் தகராறு.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குத் தோழர் ஒருவர் ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். எதைத் திறந்தாலும் எரிந்த குடிசை, கிடத்தப்பட்ட பிணம், அழுகிற பெண்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தியதை நம் பிள்ளை தெரிஞ்சுக்காமல் வளரக் கூடாது, சரி. ஆனால் பருத்தி எடுத்துவிட்டு அந்த வழியாக வந்த அக்கா ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏந்தம்பி, நம்மளப் பத்தி எழுதுனா செத்துப்போன கதயத்தான் எழுதுவாங்களா? எம்புள்ள சிரிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லயா?” தோழருக்கு இது அரசியல் தெரியாத பேச்சு. எனக்கு அப்படித் தோணவில்லை. அவமானப்பட்டவன் என்கிற ஒரே வேஷத்தை மாத்தி மாத்திக் கொடுத்து இதுதான் நீ என்று சொல்வதும் ஒரு மாதிரி ஒதுக்கிவைப்புதானே?

அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956இல் ஒரு முன்னுரை எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. அதில் சின்ன வயசுப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். அப்பா ராம்ஜி பிள்ளைகளை உட்காரவைத்து மகாபாரதமும் ராமாயணமும் படிக்கச் சொல்வார். எதுக்கு என்று மகன் கேட்கிறார். நாம் தீண்டத்தகாதவர்கள், உனக்குத் தாழ்வு மனப்பான்மை வரும், அதைப் போக்கத்தான் என்கிறார் அப்பா. துரோணரும் கர்ணனும் எவ்வளவு உயரத்துக்குப் போனார்கள், ராமாயணம் எழுதிய வால்மீகி கோலி சாதிக்காரர் இல்லையா என்கிறார். பையனுக்கு அது ஏறவில்லை. பீஷ்மரையும் துரோணரையும் கிருஷ்ணனையும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பள்ளிப் பரீட்சை ஒன்றில் தேறியதற்காக நம் சனங்கள் பாராட்டுக் கூட்டம் போட்டபோது, கேளுஸ்கர் என்கிற எழுத்தாளர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அது ஏறியது. எந்த அளவுக்கு ஏறியது என்பதை 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூர் பார்த்தது.

ராம்ஜி மேல் எனக்கு மரியாதை உண்டு. தனக்குக் கிடைத்ததை வைத்து மகனுக்கு வைத்தியம் பார்த்த அப்பா அவர். ஆனால் மருந்தாகக் கொடுத்த புத்தகத்தைப் பையன் துப்பிவிட்டான். நீ நோயாளி என்று சொல்லிக் கொடுக்காத புத்தகம்தான் உள்ளே போயிருக்கிறது.

கடல் தாண்டியும் இதே கேள்வி உண்டு. அடிமைகள் கலகம் செய்து வென்று 1804இல் உண்டாக்கிய நாடு ஹைத்தி. இன்றைக்கு உலகம் அதைப் பூகம்பம், பஞ்சம் என்றுதான் பேசுகிறது. எட்விட்ஜ் டான்டிகா அங்கே பிறந்து 12 வயசில் நியூயார்க்குக்குப் போனவர். படகில் வந்ததுகள் என்று பள்ளிப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள். 2010 பூகம்பத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்காக ‘எட்டு நாட்கள்’ என்ற கதையை எழுதினார். இடிந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பையன் அந்த எட்டு நாளும் மனசுக்குள்ளே பட்டம் விடுகிறான், கோலி விளையாடுகிறான். கூட இருந்த சிநேகிதன் கண்மூடிவிடுவதும் கதையில் இருக்கிறது. சாவையும் மறைக்கவில்லை, கோலியையும் பிடுங்கவில்லை. பருத்தி எடுத்துவிட்டு வந்த அக்கா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. 2011இல் வந்த ‘பீமாயணம்’ தமிழிலும் இருக்கிறது. கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது. பள்ளியில் தண்ணி மறுக்கப்பட்ட சிறுவன் பீமனின் கதைதான். ஆனால் இழிவாகப் பேசுகிறவன் வார்த்தையைத் தேள் கொடுக்கு வைத்த கூட்டுக்குள் எழுதியிருக்கிறார்கள், நல்லவர்கள் பேச்சைப் பறவை உருவத்துக்குள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்திலும் தேளைத் தேடித் தேடிச் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி தன் வகுப்பில் யார் யாருக்குக் கொடுக்கு வரையலாம் என்று பட்டியல் போட்டாள். அதில் ரெண்டு பெரிய ஆட்கள் இருந்தார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ கொடுக்கலாம். எழுதியவர் நம் பெரம்பலூர்க்காரர், 1989இல் வந்த நாவல். அதில் வரும் கௌரி தலைவராக இருக்கிற தன் அப்பாவையே கேள்வி கேட்கிறாள். ஊரை எதிர்க்கிற அப்பா வீட்டுக்குள் என்ன செய்கிறார் என்று பார்க்கிறாள். இது நம் ஆண்களுக்குக் கசக்கும். கசக்கட்டும். சாதியே பேசாத புத்தகமும் வேணும். நாம் மிதிக்கிற இந்தச் சுண்ணாம்புப் பூமி ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது, சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடக்கிறது, இதைப் பற்றி ஒரு படப் புத்தகம் இருந்தால் நம் பிள்ளை அதிலேயே மூழ்கிப்போகும். அந்தக் கடல் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கவில்லை.

2017 செப்டம்பர் 1க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு வேறு கனம் வந்துவிட்டது. குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவர். நீட் தேர்வு வந்து டாக்டர் படிப்பு கைநழுவியது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்றார். இப்போது குழுமூரில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. மேடையில் நாம் அவரைத் தியாகி என்கிறோம். பத்து வயசுப் பெண்பிள்ளையிடம் தியாகி என்றால் அது என்னத்தை எடுத்துக்கொள்ளும்? செத்தால்தான் நாடு திரும்பிப் பார்க்கும் என்றா? அனிதாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யாராவது எழுதினால், அம்மா இல்லாத வீட்டில் அவர் எப்படிப் படித்தார், தில்லி வரைக்கும் போய் என்ன கேட்டார், அந்தத் தேர்வை யார் கொண்டுவந்தார்கள் என்பதை விரிவாக எழுதணும். முடிவை மறைக்கச் சொல்லவில்லை. அதை ஒரு வழி மாதிரி காட்டிவிடக் கூடாது.

இவ்வளவும் நம் பிள்ளைகளுக்கு என்றே பேசிவிட்டேன். பீமாயணத்தை முதலில் படிக்கவேண்டியது தண்ணி கிடைக்காத பிள்ளையா, தண்ணி கொடுக்காத வீட்டுப் பிள்ளையா? ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் எங்கள் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் போனான். அட்டை போட்டுக் கொடுங்கண்ணே, வீட்டுல பாத்தா திட்டுவாங்க என்றான். பழைய நோட்டுத் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேற இருக்கா என்றான்.

இருக்கிறது, ஆனால் போதாது. பெட்டி என்றால் ஒரு தகரப் பெட்டி, ஐம்பது புத்தகம்கூடத் தேறாது. எழுதுகிற நண்பர்கள் பன்னிரண்டு வயசுக்குப் புரிகிற மாதிரி, நம் பேச்சில், ஒரு கௌரியை எழுதினால் முதல் பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.