எவரது கவனக்குறைவு?

ஒன்றரை வயதுக் குழந்தையொன்று அடுக்களை மூலையிலிருந்த சோடாப் போத்தலை எடுத்துக் குடித்துவிடுகின்றது. அதனுள் இருந்தது மண்ணெண்ணெய். இலங்கையின் கிராமப்புறங்களிலே சிறுவர் தற்செயலாக நஞ்சருந்தும் சம்பவங்களுள் நெடுங்காலமாக முன்னின்று வந்திருப்பது இதுவே. வைத்தியசாலை வாசலில் தாயிடம் பெரும்பாலும் முதலிற் கேட்கப்படுவது, "பிள்ளையைப் பாராமல் என்ன செய்துகொண்டிருந்தனீர்?" என்னும் வினா. அவ்வினாவினுள் ஓர் ஒழுக்கத் தீர்ப்பு மறைந்து கிடக்கின்றது. அது நீதியான தீர்ப்புத்தானா?

தாயின் கவனம் பிசகியது உண்மை. ஆயின், அளந்து விற்கப்படும் எண்ணெயுடன் எவரும் போத்தல் கொடுப்பதில்லை; வீட்டிற் கிடைத்த வெற்றுப் போத்தலே அதற்குக் கலமாகின்றது. பூட்டிவைக்க அலுமாரியில்லாத வீட்டில் அலுமாரியின் வேலையையும் தாயின் கண்களே செய்யவேண்டியுள்ளது. வசதி படைத்த வீட்டுத் தாயும் கணப்பொழுது கவனம் பிசகவே செய்வாள். அவளது தவறைச் சுவரும் பூட்டும் மன்னித்துவிடுகின்றன.

"ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தனீர்?" என்பது இரண்டாவது வினா. பீற்றர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், துன்புறுவோர் தொலைவில் இருப்பது உதவக்கூடியவரது கடமையைக் குறைப்பதில்லை என வாதிட்டார். கடமையைப் பொறுத்தவரை இது ஏற்புடையதே. நஞ்சைப் பொறுத்தவரையிலோ தொலைவுதான் பல வேளைகளில் உயிரைத் தீர்மானிக்கின்றது. அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமில்லை. அது இந்நாடு பெருமைப்படத்தக்க பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், சிறுவர் வைத்திய நிபுணர் இருக்கும் நகருக்குச் செல்லும் வாகனத்துக்குக் கட்டணமுண்டு. இரவானால் வாகனமே கிடைப்பதரிது. போத்தலைக் குழந்தைக்கு எட்டவைத்த அதே வறுமைதான் நிபுணரை எட்டாதவராக்கியும் வைத்திருக்கின்றது.

ஊருக்கொரு நிபுணரை அமர்த்துதல் எந்நாட்டுக்கும் இயலாது என்பர். மெய்தான். ஆயின், நிபுணர் செல்லவியலாத இடத்துக்கும் அவரது அறிவு செல்லலாம். கொழும்பில் 1988இல் நஞ்சுகள் பற்றிய தேசியத் தகவல் நிலையம் நிறுவப்பட்டமை இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டமையேயாகும். தொலைதூரச் சிற்றூர் வைத்தியரும் தொலைபேசி வாயிலாக ஆலோசனை பெற அது வழிசெய்தது. அடுக்களைவரை சென்றடைய வேண்டிய அறிவோ இன்னும் சிறியது. மண்ணெண்ணெயினால் வயிற்றைக் காட்டிலும் நுரையீரலுக்கே ஆபத்து அதிகம். வாந்தியெடுக்கச் செய்தால் அது மூச்சுக்குழாயினுட் புகுந்து நிலைமை மோசமாகும். இதனை அறியாத அயலவர் பரிவினாலேயே குழந்தையின் தொண்டையில் விரலை இடுகின்றனர். எண்ணெய் அளந்து விற்கும் இடத்தில் இந்த ஒரு வரியேனும் எழுதி ஒட்டப்பட்டிருந்ததா என்று வைத்தியசாலை வாசலில் எவரும் கேட்பதில்லை.