நாண வேண்டியவர் யார்?

மனிதனை மனிதனாக வைத்திருக்கும் குணங்களுள் நாணம் தலையாயது. திருவள்ளுவப் பெருமான் ‘நாணுடைமை’ என 102ஆவது அதிகாரத்தை வகுத்து, தகாத செயலைச் செய்யக் கூசுவதே நாணம் என்றும், அது பெண்களின் இயல்பான கூச்சத்தினின்றும் வேறானது என்றும் தெளிவுபடுத்துகிறார். தன் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் கூசுகிறவரிடமே நாணம் குடியிருக்கிறது என்பதும் அவர் கருத்து. இந்த நாணம் அறத்துக்கு வேலி.

ஆனால், குற்றமே செய்யாதவர் மேல் ஊர் சுமத்தும் வெட்கம் ஒன்றுண்டு. அதுவே அவமானம். முன்னது தன் செயலால் வருவது. பின்னது பிறர் பார்வையால் வருவது. முன்னது மனிதனைத் திருத்தும்; பின்னது அவனை முடக்கும்.

இவ்விரண்டையும் ஒரே அரசவையில் காட்டுகிறது சிலப்பதிகாரம். கள்வனின் மனைவி என்ற பழியைச் சுமந்த கண்ணகி தலைகுனிந்து ஒதுங்கவில்லை. ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் முன் சென்று நீதி கேட்டாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். தன் தவறு தெரிந்த கணமே நெடுஞ்செழியன் உயிர் நீத்தான். நாண வேண்டியவன் நாணினான். நாண வேண்டாதவள் தெய்வமானாள்.

அத்தெய்வமே முல்லைத்தீவு வற்றாப்பளையில் கோயில் கொண்டிருக்கிறாள். மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்த அன்னை தங்கிய பத்தாவது இடம் இது என்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காணப் பல்லாயிரம் அடியார்கள் கூடுகின்றனர். கணவனை இழந்த ஒருத்தியைத் தாயே என்று விழுந்து வணங்கும் அதே வன்னியில், கணவனை இழந்த தாய் தான் பெற்ற மகளின் திருமணத்தில் அறுகரிசி இடத் தயங்கித் தூணோரம் நிற்கிறாள். இது எவ்வகைப் பக்தி?

2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தபோது, மூடை மூடையாக நெல் அளந்து கொடுத்த கைகள் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் தட்டேந்தி வரிசையில் நின்றன. அம்முகாம் 2012இல் மூடப்பட்டது. அந்த வரிசையில் நின்ற கூச்சம் பலர் நெஞ்சில் இன்னும் மூடப்படவில்லை. பசித்து நின்றவர்க்கு அதில் என்ன இழிவு?

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் பொட்டிட்டாலும் பேச்சு, இடாவிட்டாலும் பேச்சு. அத்தகைய பெண்களும் தாய்மாரும் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் உறவுகளின் படங்களை ஏந்தித் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கண்ணகி சிலம்போடு கேட்டதை அவர்கள் படத்தோடு கேட்டனர்.

வெட்கத்தை அடகாக வாங்கும் வழியும் பின்னர் வந்தது. நுண்கடனுக்குக் காணி உறுதி தேவையில்லை, அயலவரே பிணை. தவணை தவறினால் அறவிட வருபவர் வாசலில் அமர்ந்துவிடுவார். அயல் முழுவதும் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. பணத்தைத் தள்ளுபடி செய்ய அரசால் முடியும். அவமானத்தைத் தள்ளுபடி செய்ய ஊரால்தான் முடியும்.

அதைத் தொடங்க ஆலயத்தை விடச் சிறந்த இடம் வேறில்லை. உபயகாரர் பெயரைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, ஐம்பது ரூபாவை முந்தானையில் முடிந்து வந்தவள் உண்டியல் வரை வரக் கூசுகிறாள். தொகையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் இறைவனுக்கு எக்குறையும் வராது. கணவனை இழந்தவளைத் திருவிளக்கேற்ற அழைப்பதாலும், முன்னாள் போராளியின் தோளில் சுவாமி காவும் கொம்பைக் கொடுப்பதாலும், கடன்பட்டவளின் கதையை மடத்துத் திண்ணையில் பேசாமல் விடுவதாலும் ஆலயத்தின் புனிதம் குறையாது, வளரும்.

பிறர் பழிக்கும் நாணுவதே நாணம் என்றால், ஒரு விதவை தூணோரம் நிற்கும்போது நாண வேண்டியவர் மணவறையைச் சூழ்ந்து நிற்பவர்களே.

குற்றம் செய்யக் கூசும் நெஞ்சையும், குற்றமற்றவரைத் தலைநிமிரச் செய்யும் துணிவையும் வற்றாப்பளை அன்னை யாவருக்கும் அருள்வாளாக.

சுபம்.