பாய் விரிக்க ஒரு நல்ல நாள்

பஞ்சாங்கத்தோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. மழையும் வெயிலும் பனியும் முறை வைத்துக்கொண்டு வருகிற பூமியில் வாழும் மனிதன், எந்தக் காரியத்தை எப்போது செய்வது என்று யோசிப்பதில் பிழை இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற உழவன் மூடநம்பிக்கைக்காரன் அல்ல. தண்ணீரின் வரவைப் பார்த்து விதைக்கிறான். ஆனால் உழவனுக்கு நாள் சொன்ன அதே பஞ்சாங்கம், யோகாசனம் பழகுகிறவனுக்கும் நாள் குறித்துக் கொடுக்கலாமா என்பது சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்வி இப்போது பலவித உடை உடுத்திக்கொண்டு வருகிறது. மேல்நாடுகளில் மேஷத்துக்கு ஓர் ஆசன வரிசை, கடகத்துக்கு வேறொன்று என்று ராசிவாரியாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மைசூர் பட்டாபி ஜோயிஸின் (1915–2009) வழிவந்தவர்கள், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் பயிற்சிக்கு விடுமுறை விடுவது வழக்கம். நம் ஊரிலோ "உத்தராயணம் பிறக்கட்டும்" என்பவரும், "தேய்பிறையில் வேண்டாம்" என்பவரும் எப்போதும் உண்டு.

இதெல்லாம் நேற்று முளைத்த பைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் வாரசரம் என்று ஒரு பகுதியே வைத்திருக்கிறார். வெள்ளி, திங்கள், புதன் கிழமைகளில் மூச்சு இடப்பக்கம் ஓட வேண்டும். சனி, ஞாயிறு, செவ்வாயில் வலப்பக்கம். வியாழக்கிழமை வந்தால் வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம் என்பது அவர் கணக்கு. யோக நூல்களில் இடைகலைக்குச் சந்திரன் என்றும் பிங்கலைக்குச் சூரியன் என்றும் பெயர். ஆகாயத்தில் இருக்கிற இரண்டு விளக்குகளையும் மூக்கின் இரண்டு துவாரங்களுக்குள் இறக்கிவைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

கேரண்ட சம்ஹிதை என்ற ஹடயோக நூல் இன்னும் கண்டிப்பானது. முன்பனி, பின்பனி, கோடை, மழை ஆகிய காலங்களில் யோகத்தைத் தொடங்காதே, தொடங்கினால் நோய் வரும் என்கிறது. வசந்தத்திலும் சரத்காலத்திலும் தொடங்கச் சொல்கிறது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த நூல் பேசுவது தொடக்கத்தைப் பற்றி. தொடங்கிய பிறகு பருவந்தோறும் நிறுத்து என்று அங்கே சொல்லவில்லை. இரண்டாவது, அது காட்டுகிற பயம் கிரகத்தைப் பற்றியது அல்ல, தேகத்தைப் பற்றியது. குளிரில் விறைத்த உடம்பையும், வெயிலில் வாடிய உடம்பையும் புதுப் பழக்கத்துக்கு இழுத்தால் அது முரண்டு பிடிக்கும் என்ற அனுபவ ஞானம் அது.

ஆனால் அந்த அனுபவம் வடநாட்டு அனுபவம். அங்கே சரத்காலம் என்றால் மழை ஓய்ந்து வானம் துல்லியமாகத் தெளிகிற நாட்கள். ஆசுவின மாதமும் கார்த்திக மாதமும். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ ஐப்பசி, கார்த்திகை. நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். கூரை ஒழுகும், துணி காயாது. நம் முன்னோர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். தொல்காப்பியம் வழிவந்த ஆறு பெரும்பொழுதுகளில் அந்த இரண்டு மாதங்களுக்குக் கூதிர் என்று பெயர். அங்கே தெளிந்த வானமாக இருப்பது இங்கே நனைந்த வாடைக்காற்று. ஒரே நூலை வைத்துக்கொண்டு இரண்டு ஊரில் ஒரே நாளில் பாய் விரிக்க முடியாது.

பூமத்திய ரேகையைத் தாண்டிவிட்டால் குழப்பம் முற்றிப்போகிறது. சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறியிருக்கும் தமிழர்களுக்கு மார்கழி என்பது நல்ல கோடை. ஜூன் 21-ஐ உலக யோகா தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் அறிவித்தது. 2015 முதல் கொண்டாடுகிறார்கள். வட பாதிப் பூமியில் பகல் மிக நீண்ட நாள் என்பது அந்தத் தேதிக்கு ஒரு பெருமை. தென் பாதியில் அது பகல் மிகக் குறுகிய காலம்!

சரி, பூமியை விட்டுவிடுவோம். வானமாவது ஒரே பேச்சுப் பேசுகிறதா? தை முதல் தேதியை உத்தராயணம் என்று கும்பிடுகிறோம்; அது ஜனவரி 14 அல்லது 15-ல் வருகிறது. ஆனால் சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். பம்பரம் சுற்றும்போது அதன் தலை மெல்ல வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சும் வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் ராசியும் பருவத்தை வைத்துக் கணிக்கும் ராசியும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே போகின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தவை, இன்று 24 பாகை தள்ளி நிற்கின்றன. மேல்நாட்டு யோக ஆசிரியருக்கு மேஷம் மார்ச் மூன்றாம் வாரத்தில் பிறந்துவிடுகிறது. நமக்குச் சித்திரை முதல் தேதியில்தான். மேகநாத சாஹாவின் தலைமையில் 1952-ல் அமைந்த குழு இந்தச் சிக்கலை ஆராய்ந்து, பருவத்தை ஒட்டிய தேசியப் பஞ்சாங்கத்தை வகுத்தது. அது 1957 மார்ச் 22 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் வீட்டுக் காரியங்களுக்கு அதைப் புரட்டுகிறவர் யார்?

வானசாஸ்திரம் தவறிவிட்டது என்று கைகொட்டிச் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கும். நான் எழுந்திருப்பதா, படுத்திருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்?

எனக்குத் தெரிந்த ஒருவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினம் அரைமணி நேரம் நடங்கள், எளிய ஆசனங்கள் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஆடி மாதம். "ஆடியிலே புதுசா எதையும் ஆரம்பிக்கறதில்லீங்க" என்றார் என்னிடம். ஆவணியில் நாள் பார்த்தார், அன்று சந்திராஷ்டமம். புரட்டாசி விரதத்தோடு போயிற்று, ஐப்பசி மழையோடு போயிற்று. மார்கழியில் தொடங்குவதற்கு மனசு வரவில்லை. "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று காத்திருந்தார். சர்க்கரை பஞ்சாங்கம் பார்க்கவில்லை. தை பிறந்தபோது கூடவே இன்சுலின் ஊசியும் பிறந்தது.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் சோம்பேறி அல்ல. ஐம்பத்தெட்டு வயதில் உடம்பைப் புதிதாக வணக்குவதற்குக் கூச்சப்பட்டார், பயந்தார். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட "நாள் சரியில்லை" என்று சொல்வது கௌரவமாக இருந்தது. நம்மில் பலருக்கும் கிரகங்கள் இந்த உபகாரத்தைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. எங்கள் உறவில் ஓர் அத்தை இருந்தாள். பெரிய குடும்பம், விடிந்தால் காப்பியில் தொடங்கி இரவு பால் உறை ஊற்றுகிறவரை அவளுக்கென்று ஒரு நிமிஷம் கிடையாது. மார்கழி வந்தால் மட்டும் நாலரை மணிக்கு எழுந்து, குளித்து, வாசலில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு, பூஜை அறையில் அரைமணி நேரம் கண்ணை மூடி, மூச்சை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற மாதங்களில் அப்படி உட்கார்ந்தால், "காப்பி போடாமல் இது என்ன சாமியார் வேஷம்?" என்று மாமா கேட்பார். மார்கழியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீடு கொடுக்காத நேரத்தை அந்த மாதம் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது.

ஒரு வருஷம் தை இரண்டாம் தேதியும் அதே நேரத்துக்கு எழுந்து அவள் உட்கார்ந்துவிட்டாள். "மார்கழிதான் முடிஞ்சுபோச்சே அம்மா, இன்னும் என்ன?" என்று பிள்ளை கேட்டான். "ஊருக்கு முடிஞ்சுது. எனக்கு இப்பத்தான் ஆரம்பம்" என்றாள் அத்தை.

எழுப்பிவிடுகிற பஞ்சாங்கம் ஒன்று, படுக்கவைக்கிற பஞ்சாங்கம் ஒன்று; இரண்டும் ஒரே புத்தகம்தான். ஆனால் அத்தையின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது மார்கழி அல்ல, தை இரண்டாம் தேதி. மாதம் கொடுத்த உரிமையை மாதம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டுவிடும். கடனாக வந்ததைச் சொந்தமாக்கிக்கொள்கிற அந்த ஒரு காலையில்தான் அவளுடைய யோகம் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பதஞ்சலி இதை விட்டுவைக்கவில்லை. நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்தால்தான் அப்பியாசம் வேர்பிடிக்கும் என்பது அவர் கருத்து. அவருடைய எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, முதலாவது யமம். அதாவது கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, பிரம்மசரியம், பிறர் பொருளைப் பற்றாமை. இவை குலம், தேசம், காலம், சந்தர்ப்பம் என்ற எந்த வரம்புக்கும் உட்படாமல் நிற்கும்போதுதான் மகாவிரதம் ஆகின்றன என்கிறார். கீதையின் எட்டாம் அத்தியாயமும் உத்தராயணம், தட்சிணாயனம் என்று இரண்டு வழிகளை விரிவாகச் சொல்லிவிட்டு, ஆகையால் எல்லாக் காலத்திலும் யோகத்தில் நில் என்றுதான் அர்ஜுனனுக்குப் புத்தி சொல்கிறது.

நாம் ஆசனத்துக்கு நாள் பார்க்கிறோம். பொய் சொல்வதற்கு யாராவது ராகுகாலம் பார்த்ததுண்டா? வேலைக்காரப் பெண்ணிடம் எரிந்து விழுவதற்கு முன்னால் திதி பார்த்தவர் யார்? கெட்டதற்கெல்லாம் எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கும்போது, நல்லதற்கு மட்டும் வானத்தைக் கேட்டு அனுமதி வாங்குவது விசித்திரமான பணிவு.

பருவம் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்பதல்ல. கோடையில் மூச்சுப் பயிற்சியைக் குறைத்துக்கொள்; பனியில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாக வளை. எப்படிச் செய்வது என்பதைப் பருவம் சொல்லட்டும். செய்வதா வேண்டாமா என்பது மட்டும் நம் கையில் இருக்கட்டும். அதற்கும் பஞ்சாங்கம்தான் வேண்டுமென்றால், சந்திராஷ்டமத்தன்று ஆசனத்துக்குப் பதில் கோபத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் பஞ்சாங்கம் ஒன்று அச்சாகட்டும். முதல் பிரதியை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.