நோயின் சுமை யாருடையது? ராபர்ட்சன்பேட்டையும் மருத்துவக் காப்பீடும்

மருத்துவக் காப்பீட்டுக்கு விலை வைப்பதில் நீதியைப் பற்றிய இரண்டு கொள்கைகள் மோதுகின்றன. அவரவர் உடம்பு எவ்வளவு செலவு வைக்கக்கூடுமோ அவ்வளவை அவரவரே கட்டுவது நியாயம் என்பது ஒன்று. இயன்றவர் இயன்றதைக் கட்ட, நோயுற்றவர் தேவையானதைப் பெறுவது நியாயம் என்பது மற்றொன்று. சந்தையில் விற்கும் பாலிசிகள் பெரும்பாலும் முதல் கொள்கையைப் பற்றி நிற்பவை. அரசுத் திட்டங்களும் தொழிலாளர் ஈட்டுறுதியான இ.எஸ்.ஐ.யும் இரண்டாவதைப் பற்றி நிற்பவை. ஒரு நிறுவனத்தின் திட்டங்களை ஒப்பிட்டு இது மலிவு, அது கூடுதல் என்று தீர்ப்புச் சொல்லும்போதே, ஒருவருடைய நோய்க்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்ற பழைய சமயக் கேள்விக்கும் ஒரு பதில் சொல்லப்பட்டுவிடுகிறது. கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் அந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880களில் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் அவற்றை ஏற்றன. பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் இயங்கிவந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதுவரை தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவம் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரிதான். வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தலித் தமிழர்கள், லைன் வீடுகளில் குடியிருந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தார்கள். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாவதே சிலிக்கோசிஸ். இந்தியாவில் அந்நோய் முதலில் பதிவானது 1947இல் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் என்று சமூக மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் அது முற்றும். காசநோய்க்கும் இடம் கொடுக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் முதலில் தொழிற்சாலைகளுக்கானது. சுரங்கங்களை அது தன் வரையறைக்கு வெளியே வைத்தது. எனவே சுரங்கத் தொழிலாளியின் கையில் இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததில்லை. கம்பெனி ஆஸ்பத்திரியும், 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கக்கூடிய நட்டஈடும்தான் அவருக்கு இருந்தவை. சுரங்கம் மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையோடு ஆஸ்பத்திரியையும் இழந்தார்கள். அதன் பிறகே காப்பீட்டுச் சந்தை இவ்வூருக்கு ஒரு பொருளாக வந்து சேர்ந்தது.

நோய் ஏன் வந்தது என்று கேட்டால், செய்த வினை என்ற விடை எளிதில் வாயில் வரும். தங்கவயல் தமிழரிடையே அந்த விடையை வெளிப்படையாக மறுத்த ஒரு மரபு வளர்ந்தது. அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் தங்கவயலிலிருந்தே பௌத்தரான அப்பாதுரையார் நடத்தினார். பிறப்பால் தாழ்வு, முன்வினையால் துன்பம் என்ற வாதம் யாருக்கு வசதியானது என்பதை இந்தப் பௌத்தர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

பாலி நூல்களில் இதற்கு நேரான ஓர் உரையாடல் உண்டு. சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி, மனிதன் படும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால் என்று சிலர் சொல்கிறார்களே என்று புத்தரைக் கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை எடுத்துச் சொல்கிறார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலை முறைகேடாகப் பேணுதல், வெளியிலிருந்து வரும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாவற்றையும் எட்டாவதில் அடக்குவோர், தாமே உணர்ந்ததையும் உலகம் மெய்யென ஒப்பியதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. அதை எட்டில் ஒன்றாக்கி வைத்தார். சிலிக்காத் தூசியை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்பதில் ஐயம் எழ வழியில்லை. அது வெளியிலிருந்து வந்தது. அதைக் கிளப்பிய துரப்பணத்தால் ஆதாயம் பெற்றவர்கள் வேறு, அதைச் சுவாசித்தவர்கள் வேறு.

சைவத்திலும் இதையொட்டிய நிலை உண்டு. கொடிமாடச்செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, இது இந்த நாட்டின் இயல்பு என்பதோடு சம்பந்தர் அமைதியடையவில்லை என்கிறது பெரியபுராணம். அங்கே அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம், அந்த வினைக்கு இந்தப் பயன் என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறை என்று தொடங்குகிறது. வினைக் கொள்கையை ஏற்றவரும் அதைக் கைகட்டி நிற்பதற்குச் சாக்காக ஏற்கவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கர் வினையைப் பற்றிப் பேசுவதில்லை. நிகழ்தகவைப் பற்றியே பேசுகிறார். ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் கடந்தகாலம் ஆளைப் பின்தொடர்கிறது. பாலிசி எடுக்குமுன் இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் நியாயம் பொய்யல்ல. நோய் வந்த பிறகு மட்டும் பாலிசி எடுக்கலாம் என்றால், நலமாயிருப்பவர் எவரும் சேரமாட்டார். பிரீமியம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கூட்டுநிதியே கலைந்துவிடும். காத்திருப்புக் காலம் அந்தக் கலைவுக்கு எதிரான தற்காப்பு.

ஆனால் இந்த நியாயம், சேர வாய்ப்பிருந்தும் சேராமல் காத்திருந்தவரைப் பற்றியது. தங்கவயல் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு எப்போது இருந்தது? இந்தியாவில் ‘மெடிக்ளெய்ம்’ பாலிசி வந்ததே 1986இல். தனியார் நிறுவனங்கள் நுழைந்தது 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே விற்கும் முதல் நிறுவனமான ஸ்டார் ஹெல்த் சென்னையில் தொடங்கியது 2006இல். அவர் நலமாயிருந்த வயதில் சந்தை இல்லை, கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. சந்தை வந்தபோது ஆஸ்பத்திரி போயிருந்தது, நெஞ்சில் தூசி இருந்தது. அவரைத் தந்திரமாகக் காத்திருந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்தும் கணக்கு, கணக்காகச் சரியாயிருக்கலாம், நீதியாகாது.

சந்தைத் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது பிரீமியம் கடைசியில் பார்க்கவேண்டியது. முதலில் பார்க்கவேண்டியது அறை வாடகை வரம்பு. எல்லா நிறுவனங்களும் விற்கவேண்டும் என்று ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுப் பாலிசியையே எடுத்துக்கொள்ளலாம். அதில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்புத்தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நோயாளியின் பங்கு. 2 லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவர் நாள் வாடகை 8,000 ரூபாய் உள்ள பெங்களூரு அறையில் ஐந்து நாள் படுக்கிறார் என்று கொள்வோம். வாடகை 40,000, அறுவைச் சிகிச்சையும் டாக்டர் கட்டணமும் 1,60,000, மொத்தம் 2 லட்சம். அவருக்கு அனுமதிக்கப்பட்ட வாடகை 4,000 மட்டுமே என்பதால் வாடகையில் பாதிதான் கிடைக்கும். வாடகைக்கு ஏற்ற விகிதக் கழிவு அறுவைச் சிகிச்சைக் கட்டணத்துக்கும் பொருந்துவதால் அதிலும் பாதி. மீந்த ஒரு லட்சத்தில் 5 சதவீதம் போக, கைக்கு வருவது 95,000. பாலிசித் தொகையும் பில்லும் ஒன்றாயிருந்தும் 1,05,000 ரூபாய் சொந்தப் பணம். மருந்து, உட்பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த விகிதக் கழிவு கூடாது என்று விதி இருப்பது ஓரளவு ஆறுதல். அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி சற்று விலை கூடியிருந்தாலும் இந்தக் கணக்கில் மலிவாக முடியலாம்.

அடுத்தது ரொக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல். நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் இருக்கலாம். ராபர்ட்சன்பேட்டைக்காரருக்குப் பயன்படுபவை உள்ளூரிலும் கோலாரிலும் பெங்களூரிலும் வேலூரிலும் உள்ளவை மட்டுமே. மூச்சுத் திணறும் ஆளுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூரு ஆஸ்பத்திரி பட்டியலில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பிறகுதான் பிரீமியம்: அது வயதுக்கேற்ப ஏறும். மூத்த குடிமக்களுக்கு ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ளவேண்டும் என்பது 2025 ஜனவரி உத்தரவு. தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது.

ஒரு நிறுவனத்தின் குணத்தைக் காட்டுவது வேறோர் எண்: வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு கிளெய்மாகத் திரும்பியது என்ற விகிதம். ஆணையத்தின் ஆண்டறிக்கைகளில், அண்மை ஆண்டுகளில் பொதுத்துறை நிறுவனங்களின் விகிதம் நூறை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் தனியார் நிறுவனங்களின் விகிதம் பெரும்பாலும் 60களில். குழுப் பாலிசிகள் பொதுத்துறையில் அதிகம் என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம், முழுக் காரணமல்ல.

அமெரிக்காவில் இந்த விகிதத்துக்குச் சட்டமே தரை போட்டிருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனிநபர் பாலிசிகளில் பிரீமியத்தின் 80 சதவீதமாவது மருத்துவத்துக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவாகவேண்டும். குறைந்தால் மிச்சத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பவேண்டும். 2013இல் திறந்த அந்நாட்டுக் காப்பீட்டுச் சந்தையில் முன்பிருந்த நோயைக் காட்டி எவரையும் மறுக்கவோ காக்கவைக்கவோ முடியாது. வயது காரணமாக விலை மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது, புகையிலைக்காக ஒன்றரை மடங்குக்கு மேல் கூடாது. திட்டங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரிந்து சராசரியாக 60, 70, 80, 90 சதவீதச் செலவை ஏற்கின்றன. புகையிலையை மட்டும் தனியே எடுத்தது கவனிக்கத்தக்கது: புத்தர் பட்டியலின் ஆறாவது காரணத்துக்கு மட்டும் ஆளைப் பொறுப்பாக்கி, மற்றவற்றைப் பொதுவாக்கியதுபோல் இருக்கிறது அந்த ஏற்பாடு. இதைத் தாங்குவது சந்தையின் கருணையல்ல, வரிப்பணத்திலிருந்து வரும் பிரீமிய மானியம்.

இரண்டாவது கொள்கை ராபர்ட்சன்பேட்டையிலும் இயங்குகிறது. தினமும் ரயிலேறிப் பெங்களூரு வேலைக்குப் போகும் இளைஞர் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். யார் எவ்வளவு கட்டினாலும் மருத்துவம் ஒன்றே, குடும்பத்துக்கும் உண்டு, பழைய நோய்க்கும் தடையில்லை. தாத்தாவுக்குக் கிடைக்காத அந்த அட்டை பேரனுக்குக் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு 2018 முதல் ‘ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா’. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மற்றக் குடும்பங்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம், 1.5 லட்சம் வரை. பிரீமியமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அவசரம் தவிர மற்ற நேரங்களில் அரசு மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும் என்பதே இதன் முக்கியமான முடிச்சு. மாதக்கணக்கில் தேவைப்படும் ஆக்சிஜன், இன்ஹேலர் போன்ற வீட்டுச் செலவு, ஆஸ்பத்திரியில் படுப்பதையே கணக்கில் கொள்ளும் திட்டங்களுக்குள் அடங்குவதில்லை. சிலிக்கோசிஸ் நோயாளியின் செலவில் பெரும்பகுதி அதுதான்.

இப்படித் திட்டங்களுக்கு வெளியே விழுபவர் யாருடைய பொறுப்பு? விநய பிடகத்தின் மகாவக்கம் வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிக்குவைப் பற்றிச் சொல்கிறது. தன் கழிவிலேயே கிடந்த அவரிடம், ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்கிறார். நான் அவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்கள் எனக்குச் செய்வதில்லை என்பது பிக்குவின் பதில். கட்டாதவருக்குப் பயனில்லை என்ற காப்பீட்டு விதி அப்படியே அதில் இருக்கிறது. வியப்பு என்னவென்றால் அதைச் சொல்பவர் நோயாளியே. ஆனந்தரோடு சேர்ந்து அவரைக் குளிப்பாட்டிய புத்தர், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார். அதோடு நிற்காமல் ஆசிரியர், மாணவர், உடன் தங்குபவர் என்று பொறுப்பை வரிசைப்படுத்தி, எவரும் இல்லையேல் சங்கமே கவனிக்கவேண்டும், கவனிக்காவிட்டால் குற்றம் என்று விதியாக்கினார். இரக்கத்தை அவர் நம்பியிருக்கவில்லை.

சந்தைக் காப்பீட்டின் மேல் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிச்சயமின்மையை விற்கும் வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. தகாஃபுல் என்ற அம்முறையில் நிதி உறுப்பினருடையது, நடத்துபவர் கூலி பெறுபவர் மட்டுமே. மீந்த பணம் யாருடையது என்பதே அங்கே முதல் கேள்வி.

எந்தப் பாலிசிக்கும் விண்ணப்பிப்பவர் தம் நோயையும் தொழிலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் புதுப்பித்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி இருந்தாலன்றி, தகவலை மறைத்தார் என்று காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்கமுடியாது என்பது 2024 விதி. 65 வயது வரையுள்ளவர்களுக்கு விற்றால் போதும் என்றிருந்த நிலைக்கும் அதே ஆண்டில் முடிவு வந்தது. எனவே முன்னாள் சுரங்கத் தொழிலாளி இன்று விண்ணப்பிக்கலாம். அவரை ஏற்பதா, ஏற்றால் எந்த விலைக்கு என்பதை நிறுவனமே முடிவு செய்யும். ஏற்றால் ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பலாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமும், ஒரு மாதத்தில் தீராவிட்டால் பெங்களூரிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடமும் 50 லட்ச ரூபாய் வரை கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் ஏற்காவிட்டால் அவருக்கு எஞ்சுவது ரேஷன் அட்டையும் ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டும்.