சாமிகிட்ட சொன்னோம், அம்மாகிட்ட சொல்லலை

 

எனக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. சென்னையில சாஃப்ட்வேர் வேலை. வீட்டுல அப்பா கைலி நெய்வார், அம்மா தார் சுத்துவாங்க. போன வருஷம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கப்புறம் நாங்க செஞ்ச ஒரு தப்பையும், அதுல இருந்து எனக்குள்ள எழுந்த கேள்வியையும் எழுதறேன்.

பெரிய மாமாவும் அப்பாவும் பேசி முடிவெடுத்தாங்க. "அவகிட்ட சொல்ல வேணாம், மனசு விட்டுடுவா." நானும் தலையாட்டினேன். "சாதாரணக் கட்டிதான்மா, கரையறதுக்கு ஊசி போடறாங்க"ன்னு நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். முடி கொட்டினப்போ "மருந்து சூடு"ன்னு சமாளிச்சேன்.

அதே வாரம் அப்பாவும் நானும் விருத்தாசலம் பக்கத்துல மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம். நம்ம கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தக் கோயிலைப் பத்திச் சொல்லத் தேவையில்லை. மனக்குறையைப் பேப்பர்ல எழுதி முருகன்கிட்ட பிராது கட்டுற இடம். பிராதுல மூடி மறைக்க முடியுமா? அம்மா பேர், ஊர், நோயோட பேர் எல்லாத்தையும் தெளிவா எழுதிக் கட்டிட்டு வந்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "என்னடா வேண்டிக்கிட்ட?" "உனக்கு உடம்பு சீக்கிரம் சரியாகணும்னுதான்"னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

ரெண்டாவது கீமோ முடிஞ்சு ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். யார்கிட்டயும் சொல்லாம ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு தார் சுத்திட்டு இருந்திருக்காங்க. மறுநாள் சாயந்திரம் குளிர் நடுக்கம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது. கீமோ மருந்து வேகமாப் பெருகுற செல்களைத் தாக்கும். புற்று செல் மட்டுமில்ல, முடி வேர், வாய்த் தோல், ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு எல்லாமே அதுல அடிபடும். வெள்ளை அணு குறைஞ்சிருக்கிற நாட்கள்ல 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்களுக்கு இதெல்லாம் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அன்னிக்கு முருகன்தான் காப்பாத்தினான். ஆனா அந்த ஆபத்தைக் கொண்டு வந்தது நோய் மட்டுமில்ல, எங்க மௌனமும்தான்.

அன்னிக்கு வார்டுல வச்சு அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா அழலை, கோபப்பட்டாங்க. "என் உடம்பைப் பத்தி எல்லாரும் பேசியிருக்கீங்க, கொளஞ்சியப்பருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, இல்ல?" ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாம் நாள் ஃபைலைக் கேட்டு வாங்கி, இன்னும் எத்தனை ஊசி பாக்கின்னு எண்ணினாங்க. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் அளவைத் தினமும் காலண்டர் தாள்ல எழுத ஆரம்பிச்சாங்க.

அன்பினால மறைக்கறது தப்பா? ரொம்ப நாள் யோசிச்சேன். எங்க பயம் பொய் இல்லை. ஒரு காலத்துல புற்றுநோய்னாலே மரணம்னுதான் அர்த்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில இருந்து பிறந்ததுதான் 1954-ல் 12 படுக்கையோட தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1955-ல் அங்க சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையற வரைக்கும் அங்கேயே வாழ்ந்தார். வைத்தியம் எங்கேயோ வந்துடுச்சு, நம்ம பயம் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது.

சுவாமிமலைக் கதை நமக்கெல்லாம் தெரியும். அப்பாவுக்கே பிரணவத்தின் பொருளைக் காதில் சொன்னவன் நம்ம தகப்பன்சாமி. "பெரியவர், அவருக்கு எதுக்கு"ன்னு பிள்ளை மறைக்கலை. "சின்னப் பையன்தானே"ன்னு அப்பனும் காதை மூடிக்கலை. நாங்க பிள்ளைகளா இருந்தும் சொல்லலை. அம்மாவால தாங்க முடியாதுன்னு நாங்களே தீர்ப்பு எழுதிட்டோம். உண்மையில தாங்க முடியாதவங்க நாங்கதான்.

ஆனா கதை அதோட முடியலை. டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது அம்மா சொன்னாங்க, "ஆயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா." ஆயாவுக்கு எண்பது வயசு. எனக்குக் குழப்பமாயிடுச்சு. நாங்க செஞ்சதையே இப்ப அம்மாவும் செய்யறாங்களே?

யோசிச்சப்போ வித்தியாசம் புரிஞ்சது. நோய் அம்மாவோடது. யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லக் கூடாதுங்கிற முடிவும் அவங்களோடது. நாங்க அவங்களோட பொருளையே அவங்ககிட்ட இருந்து ஒளிச்சு வச்சிருந்தோம். சிலர் "எனக்கு விவரம் வேணாம், நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்லலாம். அதுவும் அவங்க உரிமைதான். ஆனா காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும்ங்கிற மாதிரி உயிரைக் காக்கிற விஷயத்தை அவங்களுக்கும் சொல்லியே ஆகணும். மத்தபடி, "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்க?"ன்னு அவங்களையே முதல்ல கேக்கணும். நாங்க அதைக் கேக்கவே இல்லை.

போன மாசம் அம்மாவும் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வந்தாங்க. இந்தத் தடவை பிராதை அவங்க கையாலயே எழுதினாங்க. என்ன எழுதினாங்கன்னு நான் கேக்கலை.

உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ யாராவது சிகிச்சையில இருந்தா இதை அனுப்புங்க. அவங்களுக்காக ஒரு நிமிஷம் வேலவனை வேண்டிக்கோங்க.

வேலும் மயிலும் துணை!